உஷார்! தராசை ஏமாற்றாதீர்கள்!

சின்ன விமானத்தில் ஏறப் போகிறீர்களா? பிள்ளையை ஏற்றி அனுப்பப் போகிறீர்களா? பையைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தயவு செய்து படித்துவிடுங்கள்!

நம் தஞ்சோங் மாலிமில் இது புதிதல்ல. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளைகளில் சிலருக்குச் சரவாக் உட்பகுதியில் ஆசிரியர் வேலை கிடைக்கிறது. மிரியில் பெரிய விமானத்தை விட்டு இறங்கி, 19 பேர் உட்காரும் ட்வின் ஓட்டரில் ஏற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் போனாள். பேர் வேண்டாம். பேராங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள்.

அம்மா கட்டிக் கொடுத்தார். மிளகாய்த்தூள், உளுந்து, கருவாடு, இரண்டு போத்தல் ஊறுகாய். அந்த மாதிரி விமானத்தில் பையை மட்டுமல்ல, ஆளையும் நிறுப்பார்கள். இவள் என்ன செய்தாள்? தராசில் ஏறும்போது கைப்பையை வழியனுப்ப வந்த தோழியிடம் கொடுத்துவிட்டாள். நிறுத்து முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அம்மாவும் சிரித்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம் பாட்டிமார் பால்மரக் காட்டில் காண்டா தூக்கியவர்கள். தோளில் கம்பு, முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு வாளி. பின்வாளி கனத்தால் என்ன ஆகும்? கம்பு சாயும். காலையிலிருந்து சீவிய பால் மண்ணில் கொட்டும். சின்ன விமானமும் அந்தக் காண்டாதான். மொத்தம் எத்தனை கிலோ என்பது பாதிக் கணக்கு. அந்தக் கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிக் கணக்கு. முன்னூறு பேர் ஏறும் விமானத்தில் உங்கள் ஊறுகாய்ப் போத்தல் ஒரு கணக்கே இல்லை. 19 பேர் விமானத்தில் அப்படி இல்லை. நாலு பேர் ஏறும் விமானத்தில் கேட்கவே வேண்டாம்.

வால் பக்கம் கனத்தால் மூக்கு மேலே தூக்கும். விமானி கீழே அழுத்துவார். வேகமாகப் போகும்போது சமாளித்துவிடலாம். இறங்கும் நேரம் வேகம் குறையும், இறக்கைத் தட்டுகளை இறக்குவார்கள். அப்போது மூக்கு இன்னும் தூக்கினால் இறக்கைக்குக் காற்றுப் பிடிமானம் போய்விடும். கல்லைப் போல விழும். தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், திருப்பி எடுக்க உயரமே இருக்காது.

கதை சொல்லவில்லை. 1976 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. லாபுவானிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு வந்த நோமாட் விமானம், ஆஸ்திரேலியாவில் செய்தது. சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ், அவர் மகன், மாநில அமைச்சர்கள். ஓட்டியவர் கேப்டன் காந்தி நாதன். அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளை போலவே தோன்றும். விமான நிலையம் நெருங்கிவிட்டது. செம்புலான் கரையோரம் ஆழமில்லாத கடலில் விழுந்தது. 11 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

சதி என்றார்கள், வெடிகுண்டு என்றார்கள். 46 வருஷத்துக்கு மேல் விசாரணை அறிக்கை பூட்டியே கிடந்தது. 2023 ஏப்ரலில் திறந்தார்கள். சதிக்கு ஆதாரம் இல்லை. விமானத்தின் எடை மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. பின்பக்கம் ஏற்றிய கனம்! பெரிய மனிதர்கள் பயணம் செய்யும்போது “இந்தப் பையை இறக்குங்கள்” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு இந்த இடம்தான் ஆறவில்லை.

இது மலேசியாவோடு நின்றதும் இல்லை. 2001 ஆகஸ்ட் 25, பஹாமாஸ் தீவுகள். ஆலியா என்ற பாடகி, வயசு 22. வாடகைக்கு எடுத்த சின்ன செஸ்னா விமானம், அளவுக்கு மேல் 300 கிலோவுக்கும் அதிகம், கனமும் பின்னால். ஏறிய கையோடு விழுந்தது, 9 பேர் போனார்கள். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு சின்ன விமானம் விழுந்து 21 பேர். அங்கே ஆளை நிறுக்கவில்லை, சராசரி எடை என்று ஒரு பழைய கணக்கை வைத்துக்கொண்டார்கள். மக்கள் அதைவிடக் கனமாகிவிட்டிருந்தார்கள். பழுது பார்த்தபோது வால் பக்கக் கம்பியையும் தப்பாகச் சரிக்கட்டியிருந்தார்கள். இரண்டு தப்பு சேர்ந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் அந்தக் குடும்பங்கள் இருந்திருக்கும்.

எடை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 17, எல்மினா. லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சின்ன ஜெட். தரையில் இறங்கிய பிறகு மட்டுமே திறக்க வேண்டிய இறக்கைத் தடுப்புகள் ஆகாயத்திலேயே திறந்துவிட்டன. துணை விமானியாக உட்கார்ந்திருந்தவர் தவறுதலாக இயக்கிவிட்டார் என்கிறது இறுதி அறிக்கை. விமானம் சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 8 பேரும் போனார்கள். சாலையில் காரில் வந்த ஒருவரும், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரும் போனார்கள். அந்த இருவரும் அந்த விமானத்தில் ஏறவே இல்லை, தம் வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள்!

ஆகவே கண்ணைத் திறந்து வையுங்கள். ஏறும் முன் உங்கள் எடையை யாரும் கேட்கவில்லையா? உஷார்! பைகளைக் கிடைத்த இடத்தில், அதுவும் கடைசியில், எறிகிறார்களா? உஷார்! விமானி இடம் மாறி உட்காரச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சொன்ன இடத்தைவிட்டு நடுவழியில் எழுந்து பின்னால் போகாதீர்கள். முன் இருக்கை கிடைத்தால் பிள்ளை கையை மடியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், எதையும் தொட விடாதீர்கள்.

மத்தியானத்துக்கு மேல் தித்திவாங்சா மலைமேல் மேகம் கறுப்பது நமக்குத் தினம் தெரியும். அப்படி ஒரு நேரத்தில் விமானி “இன்றைக்கு வேண்டாம்” என்றால், “கல்யாணத்துக்கு நேரமாச்சு” என்று நெருக்காதீர்கள். ஐயா, அம்மா, நெருக்காதீர்கள்! எடையைக் கேட்டால் வெட்கப்படாதீர்கள். ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் அழகு கூடிவிடாது, விமானியின் கணக்குத்தான் தப்பும். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் ஐம்பது கிலோ. கணக்கில் இல்லாத ஒரு ஆள் கூடுதலாக ஏறியதாக அர்த்தம்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. மகளைக் கூப்பிட்டு அப்போதே திட்டினார். இந்தப் பள்ளி விடுமுறை முடிந்து அவள் திரும்பியபோது கையில் ஒரே பை. தராசில் பையோடுதான் ஏறினாளாம். மிளகாய்த்தூளும் கருவாடும் தபாலில் போய்க்கொண்டிருக்கின்றன. வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள், ஆகட்டும்.