உறைபனியற்ற பெட்டியின் உறைபனி: முதிய உறைபெட்டியின் பழுதறிதல் பற்றிச் சில குறிப்புகள்

வணிகர் 'உறைபனி படியாதது' என விளம்பரஞ் செய்யும் உறைபெட்டியில் உறைபனி படியாமலில்லை. அது நம் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்திற் படிகின்றது. நாளொன்றுக்குச் சில தடவைகள் நாமறியாமலே உருக்கப்படுகின்றது. வேறுபாடு இவ்வளவே. ஆயினும் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்டியொன்று குளிராது போகும்போது, இவ்வுண்மையை அறிந்த வீட்டாருக்கும் அறியாத வீட்டாருக்கும் நேரும் செலவு ஒன்றாயிராது. 'வாயு இறங்கிவிட்டது' என்னும் தீர்ப்பு எவ்வித சோதனையுமின்றி வழங்கப்படுவதையும், அதன் பேரில் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி கைமாறுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். பழுதுற்றிருந்ததோ விரற்கடையளவான ஓர் ஆளி.

இரு கதவுகளையுடைய சாதாரண பெட்டியை எடுத்துக்கொள்வோம். மேலறையின் பின்சுவருக்கு அப்பால், அலுமினியத் தகடுகள் செறிந்த ஆவியாக்கிச் சுருள் மறைந்துள்ளது. சிறு விசிறியொன்று அறைக் காற்றை அச்சுருளினூடாகச் செலுத்துகின்றது. குளிர்ந்த காற்றின் பெரும்பகுதி மேலறையிலும் எஞ்சியது ஒரு குழாய்வழியே கீழறையிலும் சேர்கின்றது. காற்றிலுள்ள நீராவி தகடுகளிற் பனியாகப் படியும். அமுக்கி ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் இயங்கியபின், திருத்துவோர் 'ரைமர்' என்றழைக்கும் நேரங்கணிப்பான் அமுக்கியை நிறுத்திச் சூடாக்கிக்கு மின்னோட்டத்தைத் திருப்புகின்றது. இருபது முப்பது நிமிடங்களின்பின் பழைய நிலை மீள்கின்றது. சூடாக்கியுடன் ஈருலோக ஆளியொன்றும் வெப்ப உருகியொன்றும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முன்னது பனி உருகித் தீர்ந்ததும் சூட்டை நிறுத்தும்; பின்னது முன்னது தவறுமிடத்துத் தன்னையே பலிகொடுத்துத் தீயைத் தடுக்கும். அண்மைக்காலப் பெட்டிகளில் இப்பணிகளை மின்னணுப் பலகையும் வெப்பவுணரியும் ஆற்றுகின்றன. நமது கவனம் பழைய பெட்டியின் மீதே.

இந்நேர அளவுகள் எழுந்தமானமானவையல்ல. சுழியத்திற்குக் கீழ் 20 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் பனியை உருகுநிலைக்குக் கொணர ஏறத்தாழ 42 கிலோயூலும், உருக்குதற்கு 334 கிலோயூலும் வேண்டும். 150 உவாற்றுச் சூடாக்கி இதனை நிறைவேற்ற 42 நிமிடங்கள் செல்லும். அரைக் கிலோவிற்கு 21 நிமிடம். உலோகமும் காற்றும் கவரும் வெப்பத்தை இங்கு நாம் கணக்கிலெடுக்கவில்லை. எனவே ஒரு சுற்றிற் படியும் பனி அரைக் கிலோவை அணுகுமாயின், உருகாத மிச்சம் அடுத்த சுற்றிற்குக் கடனாகச் செல்லும். இக்கடன் எவ்வாறு ஏறுகின்றது? 30 பாகை வெப்பநிலையும் 80 சதவீத ஈரப்பதனுமுள்ள காற்றில் கனமீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவியுண்டு. கதவை ஒரு முறை திறந்து நூறு லீற்றர் காற்று முழுவதும் மாறினாலும் இரு கிராமிற்குச் சற்று மேலான நீரே உட்புகும். ஆனால் வெடித்துத் தளர்ந்த இறப்பர்ப் பட்டியினூடாக நிமிடத்திற்குப் பத்து லீற்றர் காற்று இடையறாது நுழையுமெனக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்றிலொரு கிலோகிராம் நீர் சேரும். சிறுவர் கதவைத் திறப்பதைக் கண்டிக்கும் இல்லத்தவர் முதலிற் பட்டியைக் கண்டிப்பதே நியாயம். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால், எவ்விடத்தில் அது தடையின்றி வருகின்றதோ அவ்விடமே கசிவு.

பனியுருக்கும் ஒழுங்கு குலைந்ததன் முதல் அறிகுறி பெரும்பாலும் கீழறையிலேயே தோன்றும். மேலே இறைச்சி கல்லாயிருக்கக் கீழே பால் திரையும். தகடுகளிடையே பனி அடைத்துக் காற்றோட்டம் நலிவதே இதற்குக் காரணம். இந்நிலையில் ஒரு சதமும் செலவில்லாத சோதனையொன்றுண்டு. பெட்டியை வெறுமையாக்கி, மின்னிணைப்பை அகற்றி, கதவுகளைத் திறந்து ஒரு முழு நாள் விட்டு மீண்டும் இயக்குக. சில நாட்களோ ஒரு வாரமோ நன்கு குளிர்ந்து மறுபடியும் தளருமாயின், பழுது பனியுருக்கும் சுற்றிலுள்ளது, வாயுவிலன்று. வாயு குறைந்த பெட்டி இவ்வோய்வினாற் பயனடையாது. 2022 ஆம் ஆண்டிற் பல மணித்தியால மின்வெட்டு நாள்தோறும் நிகழ்ந்தபோது, நோயுற்ற பெட்டிகள் பல இவ்வாறே தாமாகப் பனியிறக்கிச் சுகதேகிகளாகத் தோன்றியிருத்தல் கூடும்.

அடுத்து, மின்னிணைப்பை அகற்றிப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், பனி படிந்துள்ள கோலமே பெரும்பகுதியைக் கூறிவிடும். சுருள் முழுவதும் தடித்த வெண்சுவராயிருப்பின் உருக்கும் சுற்றுப் பழுது. சுருளின் தொடக்கத்தில் ஓரிரு வரிகளில் மட்டும் பனியிருந்து ஏனையவை வெறுமையாயிருப்பின், அப்போதுதான் வாயுக் கசிவென ஐயுறலாம். மெல்லிய பனி சீராகப் பரந்திருந்தும் காற்று வராவிடில் விசிறியைப் பார்க்க.

உருக்கும் சுற்றிலே குற்றவாளி யார்? நேரங்கணிப்பானின் அச்சைத் திருகுசெலுத்தியால் 'கிளிக்' எனும் ஒலி கேட்குமளவும் மெதுவாகத் திருப்பினால் அமுக்கி நிற்கும். அதன்பின் பனியினிடையே நீர் சொட்டி ஆவியாகும் சீறல் கேட்குமாயின் சூடாக்கியும் ஆளியும் உருகியும் நலமே. தானாக நகராத நேரங்கணிப்பானே பழுது. சீறல் இல்லையெனில் மின்னிணைப்பை மீண்டும் அகற்றி, கம்பிகளைக் கழற்றி ஓம்மானியை நாடவேண்டும். 230 வோல்ற்றில் 150 உவாற்றுச் சூடாக்கியின் தடை ஏறத்தாழ 350 ஓம். முடிவிலியெனக் காட்டின் அது அறுந்தது. ஈருலோக ஆளியைச் சோதிப்பதிலேயே அனுபவசாலிகளும் இடறுகின்றனர். அறைவெப்பத்தில் அது திறந்திருப்பதே அதன் இயல்பு. அந்நிலையில் அளந்து பழுதெனத் தள்ளப்பட்ட நல்ல ஆளிகள் எத்தனையோ! நீர் புகாத பையிலிட்டு, உப்புக் கலந்த பனிக்கட்டியிற் புதைத்து அளத்தல் வேண்டும். வெறும் பனிக்கட்டியின் சுழியப் பாகை இதற்குப் போதாது. வெப்ப உருகியோ அறைவெப்பத்திலும் மூடியே இருக்கும், அறுந்தால் மீளாது. அதனைக் கம்பித்துண்டால் இணைத்துவிடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். தீக்கும் வீட்டிற்குமிடையே நிற்கும் இறுதிக் காவல் அது.

சலாகையாலும் கத்தியாலும் பனியைக் குத்துவோர் ஒரு சிறு பழுதைப் பெரும் பழுதாக மாற்றுகின்றனர். அலுமினியக் குழாய் துளைபட்டால் வாயு உண்மையாகவே வெளியேறும். ஓசோன் படையைச் சிதைக்கும் ஆர்-12 வாயு 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து ஒழிக்கப்பட, பின்வந்த பெட்டிகள் பலவற்றில் ஆர்-134ஏ இடம்பெற்றது. இன்று பரவலாயுள்ள ஆர்-600ஏ ஐசோபியூற்றேன், தீப்பற்றக்கூடியது. பெட்டியின் பின்புறப் பட்டயத்தில் எவ்வாயு உள்ளதெனப் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை வாசியாது குழாயிற் கைவைக்கலாகாது. வாயு நிரப்ப வருபவர் வாசிக்கின்றாரா எனவும் பார்த்துக்கொள்க. கசிந்த இடத்தைக் கண்டு அடைக்காமல் நிரப்பும் வாயு மீண்டும் கசியும்.

மேலறையின் அடியில் நீர் உறைந்து பாளமாயிருப்பின், அல்லது கீழறையில் நீர் தேங்கின், மேற்கூறிய எதுவும் காரணமன்று. உருகிய நீர் அமுக்கியின் மேலுள்ள தட்டிற்கு இறங்கும் வடிகுழாய் அடைபட்டுள்ளது. இளஞ்சூடான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் அடைப்பு நீங்கும். புதிய பகுதியொன்றைப் பொருத்தியவர் உடனே பலகையை இறுக்கிவிட வேண்டாம்; ஒரு திருகாணியில் நிறுத்தி இரண்டு நாட்களின்பின் மின்னிணைப்பை அகற்றித் திறந்து பார்க்கட்டும். உருக்கும் சுற்றை அடுத்துப் பார்க்கும்போது தகடுகளின் அலுமினிய நிறம் தெரிதல் வேண்டும்.