ஊர்ப் பாட்டுக்கு உரிமை கோருவது யார்? ஆடிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆடி பிறக்கப் போகிறது. பருத்திப்பட்டில் தொடங்கி ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், பூந்தமல்லி வரை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் ஞாயிறுகளுக்குப் பாடகர்களைப் பேசி முன்பணம் கொடுக்கிறார்கள். சாலையோரத்தில் ஒரு ஸ்பீக்கரும் ஒயர்லெஸ் மைக்கும் வைத்துப் பாடுகிறவர்கள், அதே பாட்டுகளை ஸ்டுடியோவில் பதிந்து ஆல்பமாக யூடியூபில் ஏற்றுவதும் இந்த நாட்களில்தான். அம்மன் பாட்டை மக்கள் தேடிக் கேட்கும் மாதம் இது. இதில் வரும் காசு தவறினால் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும்.

இதையொட்டி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. “பரம்பரைப் பாட்டை நான் பாடி ஏற்றினேன். கேட்டறியாத ஒரு கம்பெனி உரிமை கோருகிறது. பதில் சொல்ல ஐந்து நாளா, முப்பது நாளா?” சிலர் பயந்து வீடியோவையே அழித்துவிட்டார்கள். அழிக்க வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

எழுதியவர் யாரென்றே தெரியாத பாட்டுக்கு ஒருவர் எப்படி உரிமையாளர் ஆகிறார்?

ஆவதில்லை. அவர் பாடிப் பதிந்த ஒலிப்பதிவுக்கு மட்டுமே உரிமையாளர். மாரியம்மன் தாலாட்டை இருபது பேர் பதிந்தால், இருபது பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. தாலாட்டு யாருக்கும் சொந்தமில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான பின் 60 ஆண்டு நீடிக்கும். அந்த உரிமை அந்தப் பதிவில் உள்ள ஓசையோடு நின்றுவிடும். அதே பாட்டை உங்கள் குரலில், உங்கள் வாத்தியக்காரர்களோடு புதிதாகப் பதிந்தால் அது மீறல் இல்லை. இன்னொருவர் புதிதாகச் சேர்த்த சரணத்தையோ இடையிசையையோ அப்படியே எடுத்தால்தான் வழக்குக்கு இடம்.

பதிவின் உரிமை யாருக்கு என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரையே சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. ஸ்டுடியோ வாடகையும் வாத்தியக்காரர் கூலியும் கொடுத்து நீங்களே பதிந்தால், தயாரிப்பாளர் நீங்கள்தான். மிக்சிங் செய்தவரோ, யூடியூபில் ஏற்றித் தந்தவரோ அல்ல.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது உரிமை கோரும் ‘கிளைம்’ ஏன் விழுகிறது?

கிளைம் போடுவது சட்டம் அல்ல, கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உரிமை தங்களுடையது என்று சொல்லும் நிறுவனங்கள் பாட்டின் மாதிரியை யூடியூபிடம் கொடுத்து வைக்கின்றன. புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அந்த மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. ஒரே பதிவா என்று மட்டுமல்ல, ஒரே மெட்டா என்றும் பார்க்கிறது. ஒத்துப்போனால் பெரும்பாலும் வீடியோவின் விளம்பர வருமானம் மாதிரி கொடுத்தவர் பக்கம் திரும்பிவிடும். மனிதர் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

தனிப் பாடகர் நேரடியாக மாதிரி கொடுக்க முடியாது. நிறையப் பதிவுகள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அந்த வசதி. சிறியவர்கள், பாட்டுகளை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எனவே, உரிமையாளரைக் காக்கும் ஏற்பாடு என்று யூடியூப் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. நடைமுறையில் அது முதலில் மாதிரி கொடுத்தவரைக் காக்கிறது. ஊருக்குப் பொதுவான புறம்போக்கில் முதலில் வேலி போட்டவருக்குப் பட்டா கொடுப்பதைப் போன்றது இது.

நம் பகுதிப் பாடகர்களுக்குக் கிளைம் விழுவது பெரும்பாலும் மூன்று வழிகளில். முதலாவது, டிராக், அதாவது பாட்டுக்கான பின்னணி இசைப் பதிவு. கீபோர்டு வாசிப்பவர் ஒரே டிராக்கை மூன்று பாடகர்களுக்கு விற்கிறார். அவர்களில் ஒருவர் டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக மாதிரி கொடுத்தவுடன் மற்ற இருவர் மேலும் கிளைம் விழுகிறது. பலருக்கும் பொதுவான டிராக் கலந்த பதிவை மாதிரியாகக் கொடுக்கக் கூடாது என்று யூடியூப் விதியே சொல்கிறது. விதியைப் படிக்காமலே டிஸ்ட்ரிப்யூட்டர் படிவத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, மெட்டு. ஒப்பாரியும் தாலாட்டும் கும்மியும் தலைமுறைகளாக ஒரே மெட்டில் வருபவை. அவை ஒத்துத்தான் இருக்கும். மூன்றாவது வழி, உங்கள் டிஸ்ட்ரிப்யூட்டரே உங்கள் சேனல் மேல் போடும் கிளைம். உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கும்படி அவருக்கு எழுதினால் அது தீர்ந்துவிடும்.

யூடியூப் வெளியிட்ட கணக்கு ஒன்று கவனிக்கத்தக்கது. 2021-ன் முதல் ஆறு மாதங்களில் கன்டென்ட் ஐடி கிளைம்கள் 72 கோடிக்கு மேல். எதிர்ப்பு எழுந்தது சுமார் 22 லட்சத்துக்கு, அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இயந்திரம் சரியாக வேலை செய்வதற்கு இதுவே சான்று என்கிறார்கள். ஆனால், எதிர்ப்பு எழுந்தவற்றில் சுமார் 60 சதவீதம் வீடியோ ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது. வாய் திறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வென்றிருக்கிறார்கள் என்றால், ஆங்கில அறிவிப்பைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்தவர்களின் காசு யாரிடம் போயிற்று என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை.

ஐந்து நாளா, முப்பது நாளா?

இரண்டும் உண்டு. ஐந்து நாள் உங்களுக்கு, முப்பது நாள் எதிராளிக்கு. கிளைம் விழுந்த ஐந்து நாட்களுக்குள் எதிர்ப்பு கொடுத்தால், கிளைம் விழுந்த முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். ஆறாம் நாள் கொடுத்தாலும் எதிர்ப்பு செல்லும், ஆனால் அன்றிலிருந்து வரும் காசு மட்டுமே நிறுத்தி வைக்கப்படும். அதற்கு முந்தையது போனதுதான். ஆடி வெள்ளியன்று விழுந்த கிளைமைத் திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இதனால்தான் நஷ்டம். கிளைம் போட்டவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் கிளைம் தானாக நீங்கிவிடும். அவர் மறுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர் 7 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர் வீடியோவை நீக்கவே கோரலாம். அது உங்கள் சேனல் மேல் தண்டனைப் புள்ளியாக விழும் ஸ்ட்ரைக்கில் முடியக்கூடும். ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் மேல்முறையீட்டுக்குப் போங்கள்.

என்ன ஆதாரம் வேண்டும்?

பதிவு உங்களுடையது என்பதற்கு ஸ்டுடியோ ரசீது, மிக்சிங்குக்கு முந்தைய தனித்தனி டிராக் கோப்புகள், டிராக் விற்றவரின் எழுத்துமூல ஒப்புதல். பாட்டு பொதுச்சொத்து என்பதற்கு அச்சான பழைய தொகுப்பு. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’, கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ போன்றவற்றில் உங்கள் பாட்டோ அதன் வேறு வடிவமோ இருந்தால், பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள்.

வேலையை விட்டுவிட்டு நூலகம் நூலகமாக அலைந்து ஆதாரம் தேடுவது பாடகரின் பொறுப்பாக இருக்கக் கூடாது. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1995-ல் மஞ்சளின் காயமாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடியதால் 1997-ல் அது ரத்தானது. அதன்பின் மருத்துவ அறிவுக்கென்று மத்திய அரசு பாரம்பரிய அறிவு மின்நூலகத்தை உருவாக்கியது. பாட்டுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. சென்னை சங்கமத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களை மேடையேற்றும் தமிழக அரசு, அவர்கள் பாடும் பாட்டுகளையும் மெட்டுகளையும் தேதியோடு பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இயந்திரம் நம்புவது பதிவேட்டைத்தான் என்றால், ஊருக்கும் ஒரு பதிவேடு வேண்டும்.

டிஸ்ட்ரிப்யூட்டரோ லேபிளோ நீட்டும் ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

காலம், எல்லை, கணக்கு ஆகிய மூன்றை. உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆகவே “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டுப் பேசுங்கள். கணக்கு எப்போது தருவார்கள், எதைக் காட்டுவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ஆவடி வழியாகச் செல்லும் ரயில் பாதையில் உள்ள அரக்கோணத்துக்காரர், பாடகர் அறிவு. தன் பாட்டியின் வாழ்க்கையையும் ஒப்பாரி மரபையும் வைத்து அவரும் பாடகி தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகிப் பல கோடிப் பேரைச் சென்றடைந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் அறிந்த கலைஞர்களே அப்படிப் பேச நேர்ந்தது என்றால், சாலையோரப் பாடகர் கணக்கு கேட்கத் தயங்கக் கூடாது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் படைப்பாளிகளைக் காத்துவிட்டது என்று அப்போது பெருமையாகச் சொல்லப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று அதன் ஒரு பிரிவு வகை செய்தது நல்ல காரியம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது பாட்டைப் படைத்தவரைப் பற்றி. பாட்டியிடம் கேட்டு மனப்பாடம் செய்து, மறக்காமல் காப்பாற்றி, இன்று பாடுகிறவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அவருக்கு இருப்பது நிகழ்த்துநர் உரிமை மட்டுமே.

நான் பாடுவதை இன்னொருவர் செல்போனில் எடுத்துத் தன் சேனலில் போடலாமா?

உங்கள் சம்மதம் இல்லாமல் வணிக நோக்கில் போடக் கூடாது. நிகழ்த்துநர் உரிமை உங்களுக்கு 50 ஆண்டு உண்டு.

சாலையோரத்தில் பாட அனுமதி வேண்டுமா?

ஒலிபெருக்கி வைத்தால் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை தடை. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல்.

திருவிழாவில் சினிமா பாட்டு பாடினால் பணம் கட்ட வேண்டுமா?

உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகவோ கல்யாண நிகழ்ச்சியிலோ பாடினால் வேண்டாம். டிக்கெட் விற்கும் கச்சேரிக்கு உரிமம் வேண்டும்.

நானே எழுதி மெட்டமைத்த பாட்டுக்கு?

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள்.

ஸ்பாட்டிஃபையில் ஏன் காசு வரவில்லை?

2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு அங்கே பணம் கிடையாது.

நலவாரியத்தில் சேர்ந்தால் கிளைம் பிரச்சினை தீருமா?

தீராது, ஆனால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டையை மற்ற உதவிகளுக்காக வாங்கி வையுங்கள்.

ஆடிக்குள் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால்?

டிராக் விற்றவரிடம் “இது உனக்கு மட்டும்” என்று எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் தவிலும் பம்பையும் வைத்து நேரடியாகப் பதியுங்கள்.