கடைத்தெரு யாருக்கு உரியது?

ஒரு நகரத்தை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் நினைவுச் சின்னங்களையும் மட்டும் கண்டால் போதாது. அதன் கடைத்தெருக்களிலும் சற்று நேரம் நடந்து பார்த்தல் வேண்டும். அரிசியும் பருப்பும் விற்கும் மளிகைக் கடை, தையற்காரரின் இயந்திரம், தேநீர்க் கடையின் விசிப்பலகை, நடைபாதையில் கூடையை இறக்கி வைத்திருக்கும் காய்கறிக்காரப் பெண் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கடைத்தெரு. வாங்கவும் விற்கவும் ஏற்பட்ட இடம் என்று அது தோன்றினாலும், அதன் பணி அவ்வளவோடு முடிந்துவிடுவதில்லை. சம்பள நாள் வரும்வரை கணக்கெழுதிச் சாமான் கொடுப்பவர் மளிகைக்காரர். ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வேலை கிடைக்கும் இடத்தையும் ஒண்டக் கிடைக்கும் அறையையும் சொல்பவர் தேநீர்க் கடைக்காரர். பள்ளி விட்டுத் திரும்பும் குழந்தையின் மீது ஒரு கண் வைத்திருப்பவர் முனையிலுள்ள வெற்றிலைபாக்குக் கடைக்காரர். தெருவைக் காப்பதில் காவலரைவிட இத்தகையோரின் பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1961-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

இத்தகைய கடைத்தெருக்கள் இன்று நம் பெருநகரங்களில் உருமாறி வருகின்றன. மளிகைக் கடை இருந்த இடத்தில் குளிரூட்டப்பட்ட காப்பியகம் எழுகிறது. தையற் கடை இருந்த இடத்தில் விலையுயர்ந்த ஆடையகம் தோன்றுகிறது. தெரு துப்புரவாகவும் ஒளி மிகுந்தும் காணப்படுகிறது. ஆனால் அங்கே நேற்றுவரை வாங்கியவர்களும் விற்றவர்களும் எங்கே சென்றார்கள்? இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதனால் பயன் பெறுவோர் யார், இழப்போர் யார் என்பவற்றையே இங்கு நாம் ஆராயப் போகிறோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டியவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர். லண்டன் மாநகரில் தொழிலாளர் வாழ்ந்த எளிய வீடுகளை நடுத்தர வகுப்பினர் ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பிக்க, நாளடைவில் அப்பகுதியின் இயல்பே மாறிவிடுவதை அவர் கண்டார். 1964-ஆம் ஆண்டில் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். தமிழில் நாம் இதனை 'மேட்டுக்குடியாக்கம்' என்று கூறலாம். ஏழை வாழ்ந்த தெருவில் அவன் செல்வனாகிவிடுவது அன்று இது. ஏழை வெளியேறச் செல்வன் உட்புகுவதேயாகும். தெருவின் நிலை உயர்கிறது. தெருவாசியின் நிலை உயர்வதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

ஓர் இடத்திலிருந்து இன்று கிடைக்கும் வாடகை ஒன்று. அதே இடத்தை வேறு வகையில் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய வாடகை மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளம் பெரிதாகும்போதுதான் முதலீடு அங்கே பாய்கிறது என்று நீல் ஸ்மித் என்னும் புவியியல் அறிஞர் 1979-இல் விளக்கினார். பழுதுபார்க்கப்படாத கட்டடங்களும் மூடப்பட்ட தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியில் வாடகை தாழ்ந்திருக்கும். அதன் அருகே ஒரு ரயில் நிலையமோ பெரிய அலுவலகமோ வந்துவிட்டால், கிடைக்கக்கூடிய வாடகை திடீரென உயரும். பள்ளம் கண்ட இடத்தில் நீர் பாய்வதுபோல் அங்கே பணம் பாயும்.

இதனைக் கடைக்காரரின் கணக்கேட்டில் வைத்துப் பார்ப்போம். கற்பனையாக ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். மாதம் 3,00,000 ரூபாய்க்கு விற்பனை. நூற்றுக்குப் 10 வீதம் 30,000 ரூபாய் ஆதாயம். அதில் வாடகை 8,000, ஆள் கூலியும் மின்சாரமும் 8,000 போக, குடும்பத்திற்கு 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகை 25,000 ஆகிவிட்டால் அந்த மிச்சம் முழுவதும் மறைவதோடு, மாதந்தோறும் 3,000 ரூபாய் கைப்பொருளும் கரையும். அதே இடத்தில் காப்பியகம் வைப்பவர் அதே 3,00,000 ரூபாய்க்கு விற்று, நூற்றுக்கு 60 வீதம் 1,80,000 ரூபாய் மொத்த ஆதாயம் காண்பாராயின், 25,000 வாடகை அவருக்கு ஒரு பொருட்டாகாது. மளிகைக்காரர் சோம்பேறியும் அல்லர். அவருடைய வாடிக்கையாளர் குறைந்துவிடவும் இல்லை. அரிசியின் ஆதாயத்தால் அந்த வாடகையைக் கட்ட முடியாது என்பதே காரணம். எனவே, அன்றாடத் தேவைக்கான கடைகள் முதலில் மறைந்து, அருமையாக வாங்கும் பொருள்களின் கடைகள் நிலைபெறுகின்றன.

நம் நாட்டில் இம்மாற்றத்தின் பேருருவத்தைக் காண விரும்புவோர் மும்பை நகரின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா ஆகிய பகுதிகள் சேர்ந்த அந்நிலத்திற்கு மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர்; ஆலைகளின் ஊர் என்பது பொருள். 1854-இல் கோவாஸ்ஜி தாவர் என்பவர் தார்தேவ் பகுதியில் பருத்தி ஆலைக்கு அடிகோலினார். பின்னர் 50-க்கும் மேற்பட்ட ஆலைகள் சுமார் 600 ஏக்கர் பரப்பில் பெருகி நின்றன. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா மாவட்டத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு உணவு சமைத்தளித்த பெண்களின் வீடுகளுக்குக் 'கானாவள்' என்று பெயர். அப்பெண்களை ஒன்றுசேர்த்து, பிரேமா புராவ் என்னும் அம்மையார் 1975-இல் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தை நிறுவினார்.

கடைத்தெருவுக்கும் மக்கள் வாழ்வுக்கும் உள்ள பிணைப்புக்கு லால்பாக்கில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள சந்தை 1932-இல் மூடப்பட்டபோது, மீன் விற்போரும் சிறு வணிகரும் தங்களுக்கு நிலையான சந்தை வேண்டிக் கணபதிக்கு நேர்ந்துகொண்டனர். இடம் கிடைத்தது, 1934-இல் நேர்த்திக்கடனாகப் பிள்ளையாரை எழுந்தருளச் செய்தனர். இன்று லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வணங்கும் 'லால்பாக்சா ராஜா' விழாவின் தொடக்கமாக அவ்விழாச் சங்கத்தார் கூறும் வரலாறு இது. உட்கார்ந்து விற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எளியோரின் வேண்டுதலிலிருந்து ஒரு பெருவிழா பிறந்தது.

1982 ஜனவரி 18-ஆம் நாள், தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடிவுற்றதாக அறிவிக்கப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை இழந்தனர். ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஆலைக்குள் நூல் அறுந்தபோது வெளியே கடைத்தெருவின் நாடியும் தளர்ந்தது. கானாவளில் இலை குறைந்தது. மளிகைக்காரரின் பற்று ஏட்டில் வராத கடன் பெருகியது.

ஆலைகள் நின்ற நிலத்தை என் செய்வது? 1991-ஆம் ஆண்டின் நகர வளர்ச்சி விதி இதற்கு ஒரு பங்கீட்டை வகுத்தது. ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, எஞ்சிய ஒரு பங்கு உரிமையாளருக்கு என்பது அதன் சாரம். 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாது காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டுமே பங்கீடு பொருந்தும் என்றாயிற்று. பொதுமக்களின் பங்கு மிகவும் சுருங்கியது. இத்திருத்தம் செல்லும் என்று 2006 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலை வளாகங்களில் பேரங்காடிகளும் அலுவலகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன. லோயர் பரேலில் இருந்த ஃபீனிக்ஸ் ஆலை இன்று நாடறிந்த பேரங்காடி.

இதில் கடைத்தெருவுக்கு நேர்ந்தது என்ன? பழைய 'சால்' கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் தெருவை நோக்கிய சிறு கடைகளாக இருக்கும். அதை இடித்து எழுப்பும் கோபுரக் கட்டடங்கள் பலவற்றில், கீழ்த்தளங்கள் வாகனம் நிறுத்தும் இடமாகின்றன. தெருவோரத்தில் மதிற்சுவர் எழுகிறது. பத்துக் கடைகள் பார்த்திருந்த தெருவை இப்போது ஒரு வாயிற்காவலர் பார்க்கிறார். பழைய குடித்தனக்காரருக்கும் கடைக்காரருக்கும் புதிய கட்டடத்தில் இடம் தரவேண்டும் என்று விதி இருக்கிறது, அது பாராட்டத்தக்கதே. ஆயினும் கட்டி முடியும் ஆண்டுகளில் கடைக்காரரின் வாடிக்கை கலைந்துவிடுகிறது. திரும்பி வரும் குடித்தனக்காரர் மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கண்டு மலைத்து, வீட்டை விற்று வெகுதூரம் போய்விடுகிறார். பதிவேட்டில் பெயரில்லாத நடைபாதை வணிகருக்கோ கேட்பதற்குரிய உரிமைகூட இல்லை.

இனி டில்லியிலுள்ள கான் மார்க்கெட்டை நோக்குவோம். நாட்டுப் பிரிவினையால் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த அகதிகளுக்காக 1951-இல் அமைக்கப்பட்ட சந்தை அது. கான் அப்துல் கஃபார் கானின் தமையனார் டாக்டர் கான் சாகிப்பின் பெயரைத் தாங்கியது. கீழே கடை, மேலே வீடு என்ற எளிய அமைப்பு. அக்கம்பக்கத்து அரசு ஊழியர் குடும்பங்களுக்கு வேண்டிய மளிகையும் மருந்தும் புத்தகமும் அங்கே கிடைத்தன. காலம் மாறிற்று. மேல்மாடி வீடுகள் உணவகங்களாகவும் ஆடையகங்களாகவும் மாறின. நாட்டிலேயே மிக உயர்ந்த கடை வாடகை உள்ள தெருக்களின் வரிசையில் அது முன்னணியில் வைத்துப் பேசப்படலாயிற்று. இங்கும் அன்றாடக் கடைகள் பல மறைந்தன. ஆனால் கிரண்காவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கடையைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்ட அகதிக் குடும்பங்கள், விலை ஏறியபோது தாமும் ஏறினர். சிலர் கடையை வாடகைக்கு விட்டனர். சிலர் தாமே நடத்தினர். அகதியாக வந்த பல்ராஜ் பஹ்ரி 1953-இல் தொடங்கிய புத்தகக் கடை இன்றும் அங்கே நடைபெறுகிறது.

இவ்விரு தெருக்களையும் ஒப்பு நோக்கினால் உண்மை தெளிவாகும். இடத்தின் மதிப்பு உயர்வது எல்லாருக்கும் கேடன்று. அந்த இடத்தின் மீது உரிமை பெற்றவர்க்கு அது ஆக்கம், உரிமையற்றவர்க்கு அது வெளியேற்றம். தெருவுக்கு மதிப்பை உண்டாக்கியவர்கள் இரு சாராரும்தாம். ஆண்டுக்கணக்காகக் கடை திறந்து, தெருவுக்கு ஆள்நடமாட்டத்தையும் நற்பெயரையும் தேடித் தந்தவர் வாடகைக்காரர். அவ்வுழைப்பின் பலனோ வாடகை உயர்வாக வந்து அவரையே வெளியேற்றுகிறது.

மாற்றமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஒழுகும் கூரையையும் பொதுக் கழிப்பிடத்தின் முன் நிற்கும் வரிசையையும் பழமை என்று போற்றுவது அவற்றில் வாழாதவர் செய்யும் காரியம். நல்ல வெளிச்சமும் பாதுகாப்பான நடைபாதையும் புதிய வேலைவாய்ப்பும் யாவர்க்கும் வேண்டியவையே. புதிய காப்பியகத்தில் வேலை பெறும் இளைஞர் அந்தத் தெருவின் பிள்ளையாகவே இருக்கலாம். ஆகவே, தெரு திருந்த வேண்டுமா என்பதன்று கேள்வி. திருந்திய தெருவில் பழைய மக்களும் இருப்பார்களா என்பதே கேள்வி.

இதற்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. நடைபாதையில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, குடிமக்களின் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றம் 1989-இல் கூறியது. 2014-இல் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி ஒவ்வோர் ஊரிலும் வணிகக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினரில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வணிகர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருத்தல் வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அகற்றலாகாது. 50 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ள வணிகரை இடம் மாற்றலாகாது என்றும் அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. இப்படி ஒரு விதி இருப்பதைத் தெரு வணிகரும் அவரிடம் வாங்குவோரும் அறிந்திருந்தால்தான் அது ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிவரும்.

கட்டடக் கடைகளில் வாடகைக்கு இருப்போர்க்கும் வழிகள் உண்டு. குறைந்த காலத்திற்கு வாய்மொழியாக இருப்பதை விடுத்து, நீண்ட காலத்திற்கு எழுத்து மூலமான, பதிவு செய்த ஒப்பந்தம் பெறுதல் முதற்படி. ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்தலாம் என்பதையும் அதிலேயே வரையறுத்துக்கொள்ளலாம். ஒரே தெருவின் கடைக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் தாங்கள் இருக்கும் கட்டடத்தையே வாங்கவும் முயலலாம். நகராட்சிகளோ, புதிய கட்டடங்களின் கீழ்த்தளத்தில் தெருவை நோக்கிய சிறு கடைகளுக்கு இடம் ஒதுக்கச் செய்யலாம். பொதுச் சந்தைகளை விற்காமல் செப்பனிட்டு, தாங்கக்கூடிய வாடகைக்கே விடலாம்.

வாங்குவோராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தெருமுனைக் கடை மூடப்பட்ட பின் அதற்காக வருந்துவதைவிட, அது திறந்திருக்கும்போது அங்கே நம் பையை நிரப்புவது மேலானது. ஒரு தெருவின் செல்வம் அதன் கண்ணாடிச் சன்னல்களில் இல்லை. பணமில்லாத நாளிலும் பெயர் சொல்லி அழைத்துப் படி அரிசி அளந்து கொடுக்கும் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதில்தான் அது இருக்கிறது. அத்தகைய ஒருவர் தம் இடத்தில் நிலைத்திருக்க வழி செய்து, அதன்பின் தெருவை அழகுபடுத்துவோமாக.