விளையாத ஊர் விலை சொன்ன கதை

"விருதுநகர் மார்க்கெட் நிலவரம்."

பத்திரிகையில் இந்தத் தலைப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உளுந்து, துவரை, பாசிப்பயறு, மல்லி, வத்தல், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், புண்ணாக்கு என்று வரிசையாக விலை போட்டிருக்கும். எத்தனையோ ஊர்களில் மளிகைக் கடைக்காரர்கள் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடையில் விலை சொல்லுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருதுநகரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஆறு என்று சொல்லக் கௌசிகா ஆறு இருக்கிறது. மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் ஓடும். மற்றபடி வானம் பார்த்த கரிசல் காடு. வெயிலோ மண்டையைப் பிளக்கும்!

விளைச்சல் குறைந்த இந்த ஊர், மற்ற ஊர்களுக்கு விலை சொல்லும் ஊர் ஆனது எப்படி?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. என் அப்பத்தா மூலம் அது என்னைத் தேடி வந்தது. அப்பத்தாவுக்கு வயது 84. பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஒருநாள் திடீரென்று என்னிடம் கேட்டார்:

"தம்பி, நீ பத்திரிகையில எழுதுறியே. விருதுபட்டி மண்டியில எங்க அய்யா வாங்கின 120 ரூபாய் அடைஞ்சுச்சா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 70 ஆண்டுகளுக்கு முந்தைய கடன்! அதை இத்தனை காலம் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

அந்த 120 ரூபாயைத் தேடிப் போனபோதுதான் அந்த ஊரின் கதையும் கிடைத்தது.

பொதி மாடுகள் வந்தன

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923-ம் ஆண்டில்தான் விருதுநகர் என்று பெயர் மாறியது. பல நாடுகளை வென்று விருதுக் கொடிகளோடு வந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் வென்றார், அதனால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பெயர் மாறி 100 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பத்தாவுக்கு மட்டும் இன்றும் அது விருதுபட்டிதான்!

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் இருந்து நாடார் வியாபாரிகள் வடக்கு நோக்கி வந்தார்கள். தேரி என்றால் செம்மணல் மேடு. பனை மரத்தைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் வளராது. கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டின் முதுகில் பொதியாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். திரும்பும்போது பருத்தியும் தானியமும் கொண்டு போனார்கள்.

வழியெல்லாம் கள்ளர் பயம். இருட்டிய பிறகு சரக்கோடு நடுக்காட்டில் தங்க முடியுமா? அதனால் ஆங்காங்கே பேட்டைகளைக் கட்டினார்கள். சுற்றிலும் உயரமான சுவர். உள்ளே கிணறு, கொட்டகை, கடை. மாட்டை அவிழ்த்துக் கட்டலாம். சரக்கை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்படி வியாபாரிகள் நிலைத்து ஊன்றிய ஊர்கள் ஆறு. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி.

பேட்டைச் சுவருக்கு வேறு தேவையும் இருந்தது. அந்தக் காலத்தில் நாடார்களைக் கோயிலுக்குள் விடவில்லை. அந்த உரிமையைக் கேட்டதால் பகை மூண்டது. 1899-ம் ஆண்டில் சிவகாசியில் பெருங்கலகம் நடந்தது. வீடுகளைக் கொளுத்தினார்கள். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. காசு இருந்தும் கோயில் வாசலில் நின்றவர்களின் வேதனையைச் சொல்லாமல் இந்தக் கடைவீதியின் கதையைச் சொல்ல முடியாது.

வந்தவர்கள் வேரை மறந்தார்களா? பல குடும்பங்களில் பூட்டனுக்கு மேலே பெயர் தெரியாது. ஆனால் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேளுங்கள். உடனே பதில் வரும். பங்குனி உத்திரத்துக்கு அந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எழுதி வைக்காத குடும்பச் சரித்திரம் அந்தப் பொங்கல் பானையில்தான் இருக்கிறது.

மூட்டைக்கு இவ்வளவு மகமை

பேட்டை கட்டப் பணம் ஏது? இங்கேதான் மகமை வருகிறது.

ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். விற்றவரும் வாங்கியவரும் பெரிய வியாபாரியாக இருந்தாலும் சரி, சின்னக் கடைக்காரராக இருந்தாலும் சரி, மகமை உண்டு. உறவின்முறை என்ற ஊர் அமைப்பு அதை நிர்வகித்தது. வசூலையும் கணக்கையும் முறை வைத்துப் பார்த்தார்கள். இந்த மாதம் பொறுப்பில் இருப்பவர் அடுத்த முறை வேறு ஒருவரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஒருவர் கையிலேயே பெட்டிச் சாவி தங்காது! இந்த ஏற்பாட்டை எண்ணி நான் வியந்தேன்.

மகமைப் பணம் பேட்டை ஆனது. கோயில் ஆனது. பிறகு பள்ளிக்கூடமும் ஆனது. 1885-ம் ஆண்டில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே சம்பளம் இல்லாமல் படிப்பு. வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேர்த்தார்கள். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது பள்ளிக்குப் போய்விடும்.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தவன். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. பையனுக்கு 6 வயதானபோது அப்பா இறந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. தாய்மாமன் கருப்பையா ஜவுளிக் கடையில் பையன் வேலைக்கு உட்கார்ந்தான். பிற்காலத்தில் அவர் தமிழ்நாட்டின் முதல்-மந்திரி ஆனார். ஆம், காமராஜர்தான்! 1956-ம் ஆண்டில் அவருடைய ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. அதைப் பற்றிப் பேசும்போது விருதுநகர்க்காரர்கள் பிடி அரிசியைப் பற்றியும் சேர்த்துப் பேசுவார்கள்.

அதே ஆண்டில் அதே ஊரின் தேசபந்து மைதானத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்று தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். 76 நாட்கள் பட்டினி கிடந்து அக்டோபர் 13-ந் தேதி உயிர் துறந்தார்.

ரயில் ஓடியது

1876-ம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பாதை விருதுபட்டி வழியாகப் போனது. இதுதான் ஊரின் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மதுரை. சுற்று வட்டாரத்துக் கிராமங்களின் பருத்தியும் வத்தலும் மல்லியும் ரயிலைத் தேடி இங்கே வந்தன. பருத்தி வாங்க வெள்ளைக்காரக் கம்பெனிகளும் வந்து இறங்கின. 1927-ம் ஆண்டில் சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும் பாதை பிரிந்தது.

சரக்கு எங்கே குவிகிறதோ அங்கேதான் விலை பிறக்கும். விளையாத ஊர் விலை சொன்ன ரகசியம் இவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கும் சிவகாசி வேறு வழியில் போனது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியில் இருந்து பட்டாசு வந்தது. பயிரைக் காய வைத்த அதே வெயில், தீக்குச்சியைக் காய வைக்க உதவியது!

மண்டியில் எழுத்துப் படித்த சிறுமி

இனி அப்பத்தாவின் 120 ரூபாய்க்கு வருவோம்.

நாடு சுதந்திரம் அடைந்த மறுவருஷம். பங்குனி மாதம். வத்தல் பறித்துக் காய வைத்து முடித்த நேரம். எட்டு வயது அப்பத்தாவைத் தன் மாட்டு வண்டியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார வைத்து அவருடைய அய்யா விருதுபட்டிக்கு அழைத்து வந்தார். இரவெல்லாம் வண்டி நடந்தது. வத்தல் நெடியில் தும்மித் தும்மித் தூங்கினாராம்.

விடியும்போது வண்டிகள் சாரி சாரியாக நின்றன. மாடுகளைத் தண்ணீர் காட்டி அவிழ்த்துப் போட்டார்கள். மண்டியில் தரகர் குத்தூசியால் மூட்டையைக் குத்தினார். உள்ளே இருந்து சரக்கை வாங்கிக் கையில் பரப்பிப் பார்த்தார். நிறம் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். மேலே நல்ல வத்தலை வைத்து அடியில் சோடையைத் திணிக்கும் வேலை குத்தூசியிடம் நடக்காது! பிறகு தராசு. அப்போது கிலோ கிடையாது. வீசைக் கணக்கு. எட்டு வீசை ஒரு மணங்கு. 1960-களில்தான் கிலோ நிலைத்தது.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. வியாபாரிகள் சாக்கின் மேல் மையால் மார்க்கா எழுத்துப் போட்டிருப்பார்கள். கணக்கப்பிள்ளை மூட்டை எண்ணும்போது எழுத்தைச் சத்தமாகச் சொல்லுவார். சிறுமி கூடவே சொன்னாள். "வ"வும் "அ"வும் "ம"வும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தன. பள்ளிக்கூடம் கட்ட மகமை கொடுத்த மூட்டைகளே இந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன என்று நினைத்துக்கொண்டேன். மகமைப் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் படித்திருக்கலாம். கிராமத்துச் சம்சாரி வீட்டுப் பெண் குழந்தைக்குச் சாக்கு மூட்டைதான் கிடைத்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்?

அந்த வருஷம் நல்ல விலை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பார்த்து, வளையல் வாங்கி, தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்து வந்த வருஷங்களில் மழை ஏமாற்றியது. அய்யா மண்டியில் 120 ரூபாய் முன்பணம் வாங்கினார். விதைக்கும் ஒரு மாட்டுக்கும் அந்தப் பணம். முன்பணம் வாங்கினால் விளைந்ததை அந்த மண்டிக்கே கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். ஆனால் விளையவில்லை. அடுத்த வருஷம் அய்யா காய்ச்சலில் இறந்துவிட்டார். வண்டியை விற்றார்கள். மாட்டையும் விற்றார்கள். மண்டிப் பணத்தைக் கொடுத்தார்களா? பெரியவர்கள் யாரும் சிறுமியிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனது. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

தெப்பக்குளத்தின் கரையில்

அப்பத்தாவைக் காரில் அழைத்துக்கொண்டு விருதுநகர் போனேன். கடைவீதியின் நடுவே தெப்பக்குளத்தைக் கண்டதும் அப்பத்தாவின் முகம் மாறியது. "இது இங்கேயேதான் இருக்கு" என்றார், ஏதோ குளம் எழுந்து எங்காவது போய்விடும் என்று பயந்தவரைப் போல.

மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் குளம் இது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கடைகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய இடத்தைத் தண்ணீருக்கு விட்டிருக்கிறார்கள். வியாபாரிகளின் கணக்கு தப்பாது!

அப்பத்தா கைத்தடியை ஊன்றி நடந்தார். இரண்டு தெரு தள்ளி ஓர் இடத்தில் நின்றார். "எங்க அய்யா வண்டிய அவுத்துப் போட்டது இங்கதான் தம்பி." அங்கே இப்போது பிளாஸ்டிக் சாமான் கடை. மண்டி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் பெரியவர் ஒருவர் இருந்தார். மண்டி முதலாளியின் பெயரை அப்பத்தா சொன்னார். அவருக்கு அது நினைவில் இருந்தது. மண்டி மூடி வெகுகாலம் ஆகிவிட்டதாம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்களாம். பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

"பஞ்ச காலத்துப் பாக்கியை ரெண்டு மூணு வருஷம் புதுக்கணக்குல ஏத்தி எழுதுவாங்க. அப்புறம் வராதுன்னு தெரிஞ்சா தள்ளுபடி எழுதிருவாங்க. உங்க அய்யா பேரும் அதுல போயிருக்கும். இல்ல, வண்டி வித்த காசுல அடைச்சிருப்பாங்க. யாருக்குத் தெரியும் ஆச்சி?" என்றார் அவர்.

அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு நூறு, இரண்டு பத்து. வீட்டில் இருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறார்! நான் மனதுக்குள் 70 வருஷ வட்டியைக் கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

பெரியவர் இரண்டு கையையும் ஆட்டினார். "எனக்கு எதுக்கு ஆச்சி? நான் வாங்கினா அது தப்பு."

அப்பத்தா பேசவில்லை. கடை வாசலில் திறந்திருந்த மல்லிச் சாக்கு பக்கம் போனார். நாலு மல்லியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இது பழசு" என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டார். உள்ளே போய் வேறு சாக்கில் இருந்து ஒரு கை அள்ளி வந்து நீட்டினார். அப்பத்தா அதையும் தேய்த்து மோந்தார். தலையை ஆட்டினார்.

"நூத்தி இருபது ரூபாய்க்குப் போடுங்க."