மாணவர் எழுத்துக்கு வாசகர் வேண்டும்

எழுதக் கற்பித்தல் என்பது நமது பாடசாலைகளில் பெரும்பாலும் கட்டுரை எழுதுவித்தல் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதுகிறார். 'எனது இலட்சியம்', 'நூலகத்தின் பயன்கள்', 'நான் விரும்பும் பெரியார்' போன்ற தலைப்புகள் தலைமுறை தலைமுறையாக மாறாதவை. மாணவர் எழுதிக் கொடுக்கிறார். பிழைகள் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு, அடியில் ஒரு புள்ளி இடப்பட்டு, கொப்பி திரும்பி வருகிறது. அடுத்த வாரம் அடுத்த தலைப்பு. அந்தக் கட்டுரையை உலகில் ஒருவர் மட்டுமே வாசித்திருக்கிறார். அவரும் விடயத்தை அறிவதற்காக வாசித்தவர் அல்லர். பிழையைக் கண்டுபிடிப்பதற்காக வாசித்தவர்.

யாருக்காகவும் எழுதப்படாத எழுத்தில் சொந்தச் சொல் பிறப்பதில்லை. கட்டுரைக் கோவைகளிலிருந்து மனனம் செய்த வாக்கியங்களே அங்கு வந்து அமர்கின்றன. எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் அது 'இயற்கை எழில் கொஞ்சும்' ஊராகவே இருக்கிறது. அதே பிள்ளை எசல பெரஹராவைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்லும்போது, பார்க்காதவருக்கு எதை விளக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எவரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறது. கேட்பவரின் முகம் எதிரே இருப்பதே காரணம். எழுத்தில் அந்த முகம் மறைந்துவிடுகிறது. அதை மீட்டுக் கொடுப்பதே எழுதக் கற்பிப்பவரின் முதற்கடமை எனலாம். வகுப்பறை வலைப்பதிவு என்னும் முறையின் பெறுமதியும் இங்கேதான் உள்ளது.

இது இணையத்தோடு பிறந்த சிந்தனையன்று. பிரான்ஸின் தென்பகுதிக் கிராமமொன்றில் ஆசிரியராக இருந்த செலஸ்தீன் பிரெனே, 1924 ஆம் ஆண்டில் தமது வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி, வகுப்பாகக் கூடித் திருத்தி, தங்கள் கைகளாலேயே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியிலிருந்த பாடசாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து பதில்கள் வந்தன. அமெரிக்கக் கல்வியியலாளரான டொனால்ட் கிரேவ்ஸ், 1983 இல் வெளியிட்ட தமது நூலில், எழுத்தாளர் எவ்வாறு வரைந்தும் திருத்தியும் மீண்டும் எழுதியும் தமது படைப்பை உருவாக்குகிறாரோ அவ்வாறே சிறுவரும் எழுதப் பழக வேண்டுமென வலியுறுத்தினார். வாசகர் ஒருவர் இருப்பதும், மீண்டும் எழுத வாய்ப்பு இருப்பதும் எழுதக் கற்பித்தலின் இரு தூண்கள் என்பதே இவ்விருவரிடமிருந்தும் நாம் பெறும் பாடம்.

இந்த உண்மைக்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதுமில்லை. கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை அவர்கள் தொழிலால் சட்டத்தரணி. பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டுமென உழைத்த அவர், பாடசாலைகளோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடக்கினார். கல்வியையும் சமூகச் சீர்திருத்தத்தையும் உலக நடப்பையும் தமிழில் வாசித்து விவாதிக்கும் ஒரு கூட்டத்தை அப்பத்திரிகை உருவாக்கிற்று. 1885 இல் வெளிவந்த அவரது 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. பாடசாலையும் பத்திரிகையும் ஒரே பணியின் இரு பக்கங்கள் என்பதை அவர் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டிருந்தார்.

பின்வந்த காலத்திலும் கண்டிப் பிரதேசத்தில் இந்த மரபு அறுபடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' சஞ்சிகையில் மாணவர்களாக எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் ஈழத்துத் தமிழ் இலக்கியத்தில் தடம் பதித்தனர். கல்ஹின்னை என்னும் கிராமத்திலிருந்து எஸ்.எம். ஹனிபா அவர்களின் தமிழ் மன்றம் நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. 2000 ஆம் ஆண்டில் 'ஞானம்' சஞ்சிகை கண்டியிலிருந்தே புறப்பட்டது. பாடசாலைகளில் கையெழுத்துச் சஞ்சிகைகளும் சுவர்ப் பத்திரிகைகளும் இதே பணியைச் சிறிய அளவில் செய்தன. ஆயினும் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரே பிரதிதான். அது வகுப்பைச் சுற்றி வந்து, ஆண்டிறுதியில் அலுமாரிக்குள் சென்று மறைந்துவிடும்.

இணையம் மாற்றியது இந்த எல்லையைத்தான். 1999 இல் 'புளொக்கர்' போன்ற சேவைகள் அறிமுகமானதும், கணினி நுட்பம் அறியாதவரும் தமது எழுத்தைச் செலவின்றி வெளியிடக்கூடிய நிலை தோன்றியது. 2003 முதல் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 2009 ஓகஸ்டில் இலங்கைத் தமிழ் வலைப்பதிவர்கள் கொழும்பில் ஒன்றுகூடிச் சந்திக்கும் அளவுக்கு அவர்களின் தொகை வளர்ந்திருந்தது. பின்னர் முகநூலின் எழுச்சியோடு தனியார் வலைப்பதிவுகள் பல ஓய்ந்தபோதிலும், வகுப்பறைக்கு அவ்வடிவம் இன்றும் பொருத்தமானதே. முகநூலில் எழுதியது மறுநாளே அடியில் புதைந்துவிடும். வலைப்பதிவில் தலைப்பு வாரியாகவும் திகதி வாரியாகவும் தங்கி நிற்கும். மூன்றாந் தவணையில் ஒரு மாணவி தனது முதலாந் தவணை எழுத்தைத் திரும்பிப் பார்த்து, தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதைத் தானே அறியலாம்.

ஆனால் வலைப்பதிவு தானாக எவருக்கும் எழுதக் கற்பிப்பதில்லை. கொப்பியில் எழுதிய பழைய கட்டுரையைத் தட்டச்சுச் செய்து ஏற்றிவிட்டால் பழைய கட்டுரைதான் இணையத்தில் இருக்கும். உண்மையான கற்பித்தல் வெளியிடுவதற்கு முன்னர் நடைபெறுகிறது. அதன் ஒழுங்கு எளிமையானது. முதல் வரைவு கொப்பியிலேயே எழுதப்பட வேண்டும். அதை எழுதியவர் பக்கத்திலிருக்கும் மாணவருக்கு உரத்து வாசிக்க வேண்டும். கேட்டவர் பிழை சொல்லக்கூடாது. தமக்கு விளங்காததைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை வரும்படி எழுதியவர் மீண்டும் எழுத வேண்டும். அதன் பின்னரே ஆசிரியர் எழுத்துப்பிழை, சந்தி, வாக்கிய அமைப்பு என்பவற்றைப் பார்க்க வேண்டும். வெளியிட்ட பின்னர் வாசிப்பவர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஓரிடத்தையும் மேலும் அறிய விரும்பும் ஒரு விடயத்தையும் எழுத வேண்டும். 'நன்று', 'அருமை' என்று மட்டும் எழுதும் பாராட்டினால் எழுதியவருக்கு எப்பயனும் இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அக்குறணை மாணவர் ஒருவர் 'எமது நகரில் அடிக்கடி வெள்ளம் ஏற்படுவதால் மக்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாகின்றனர்' என எழுதுகிறார் என்று கொள்வோம். இலக்கணப்படி இதில் பிழையேதும் இல்லை. முழுப் புள்ளியும் கிடைக்கக்கூடும். ஆனால் வேறூரில் இருக்கும் ஒரு வாசகர், வெள்ளம் எங்கிருந்து வருகிறது, கடைக்காரர்கள் முதலில் எதைத் தூக்குகிறார்கள், தண்ணீர் வடிந்த பின்னர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், எழுதியவர் பிங்கா ஓயாவின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். மாடிப்படியில் ஏற்றிய துணிக்கட்டுகளையும், சேறு கழுவிய மறுநாட் காலையையும் சொல்ல வேண்டி வரும். பொதுவாக்கியம் ஒன்று அவருடைய வாக்கியமாக மாறும் இடம் அதுவே. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் 'எனது இலட்சியம்' கட்டுரையைச் சில விநாடிகளில் எழுதித் தரும் இக்காலத்தில், அவை கண்டறியாத அந்தப் படிக்கட்டைப் பற்றி எழுதுவிப்பதே ஆசிரியருக்குள்ள சிறந்த வழியாகும்.

மொழிநடை குறித்தும் ஒரு தெளிவு தேவை. கண்டியைச் சூழவுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வேறு; முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு. பாடநூல் தமிழ் இரண்டிலிருந்தும் விலகியது. இதனால் தமது வீட்டுச் சொற்கள் எழுதத் தகாதவை என்ற தாழ்வுணர்ச்சி பிள்ளைகளிடம் இளமையிலேயே குடிகொள்கிறது. விவரிப்பு பொதுவான எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேசப்பட்டவாறும் அமையலாம் என்று அனுமதித்தால் இத்தயக்கம் நீங்கும். லயம், பிரட்டுக்களம், கொழுந்து முதலிய சொற்களைத் தோட்டத்துப் பிள்ளையும், உம்மா, வாப்பா, கந்தூரி முதலியவற்றை முஸ்லிம் பிள்ளையும் தயக்கமின்றி எழுதி, அறியாத வாசகருக்கு அவற்றை விளக்கட்டும். தன் சொல்லை இன்னொருவருக்கு விளக்கும் பயிற்சியைவிடச் சிறந்த மொழிப்பயிற்சி வேறில்லை.

பகிரங்கமாக எழுதுவதற்கு ஒரு பொறுப்பும் உண்டு. அதைக் கண்டி மாவட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, சமூக ஊடகங்களில் பரவிய வெறுப்புரைகளும் வதந்திகளும் அத்தீயை வளர்த்தன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. அவ்வன்முறையில் தனது தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது. இவ்வனுபவத்திலிருந்து பிள்ளைகளை இணையத்தின் பக்கமே விடக்கூடாது என்ற முடிவுக்குச் சிலர் வரலாம். ஆனால் பிள்ளைகள் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள். வழிகாட்டுபவர் இன்றி இருக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது. இதை நான் கண்டேனா, கேட்டேனா? சொன்னவர் யார்? மறுதரப்பினரிடம் விசாரித்தேனா? இந்த வாக்கியத்தால் எவருக்கேனும் தீங்கு நேருமா? வெளியிடுமுன் இந்நான்கு கேள்விகளையும் தன்னிடம் கேட்டுப் பழகிய மாணவர், நாளை கையிற் கிடைக்கும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கணம் தயங்குவார். அந்த ஒரு கணத்தின் பெறுமதியை திகன அறியும்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் அவ்வாறே முக்கியமானது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் அதிபரின் அனுமதியும் முதலில் பெறப்பட வேண்டும். முழுப் பெயர், புகைப்படம், முகவரி, தொலைபேசி இலக்கம் எதுவும் வெளியிடப்படலாகாது, புனைபெயர் போதும். புனைபெயரில் எழுதுவது நமது இலக்கிய மரபுக்குப் புதியதுமன்று. கடவுச்சொல் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். வாசகர் கருத்துகள் அவர் பார்த்த பின்னரே வெளியாக வேண்டும். தொடக்கத்தில் பெற்றோரும் வகுப்பினரும் மட்டும் வாசிக்கும்படி தளத்தை மூடி வைத்திருப்பதும் நன்று. பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இயல்பாக எழும் அச்சங்களை இவ்வேற்பாடுகள் பெருமளவு போக்கும்.

நடைமுறையில் இது சாத்தியமா என்ற கேள்வி நியாயமானது. வகுப்பில் நாற்பது பேர், பாடத்திட்டமோ நீண்டது, கணினி அறை இல்லாத பாடசாலைகளும் உண்டு. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலைப்பகுதிப் பிள்ளைகள் தொலைபேசிச் சமிக்ஞை தேடி உயரமான இடங்களுக்கு ஏறியதை நாடு கண்டது. ஆனால் எல்லோரும் வாரந்தோறும் வெளியிட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐவர் என்றால் நாற்பது பேருக்கும் எட்டு வாரங்களில், ஒரு தவணைக்குள்ளேயே, முறை வந்துவிடும். எழுதுவதும் திருத்துவதும் கொப்பியிலேயே நடப்பதால், தட்டச்சுக்கு ஆசிரியரின் கையடக்கத் தொலைபேசி ஒன்றே போதும். முன்னர் பாமினி எழுத்துருவினால் ஏற்பட்ட சிக்கல்கள் ஒருங்குறியின் வரவால் நீங்கிவிட்டன. இன்றைய தொலைபேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளது. இணைய வசதி அறவே இல்லாத இடத்தில் சுவர்ப் பத்திரிகையும் தபாலும் அதே பணியைச் செய்யும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான செயற்பாடாகவும் இதனைக் கொள்ளலாம். சாதாரண தரப் பரீட்சையின் கட்டுரை வினாவுக்கும், மனனம் செய்தவரைவிடத் திருத்தி எழுதப் பழகியவரே நம்பிக்கையோடு விடையளிப்பார்.

ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நமது திறமைசாலிகளை இனங்காட்டுகின்றன. அது பாராட்டுக்குரியது. ஆனால் போட்டிக்குத் தெரிவாவது வகுப்புக்கு ஒருவரோ இருவரோதான். எஞ்சிய முப்பத்தெட்டுப் பேருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது, கேட்பாரில்லை.

இறுதியாக ஒன்று. கண்டிப் பிரதேசத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையும் ஊர் முஸ்லிம் பாடசாலையும் சில மைல் தூரத்துக்குள் இருந்தும், ஒரே மொழியில் கற்கும் அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே பத்தாம், பதினோராம் தரங்களைக் கடந்து விடுகின்றனர். பிரெனேயின் வகுப்பு தொலைதூரத்தில் தேடிய வாசகர் நமக்கு அடுத்த மலையிலேயே இருக்கிறார். இத்தகைய இரு பாடசாலைகள் சோடி சேர்ந்து, ஒன்றின் எழுத்தை மற்றது வாசித்துக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டுக்குப் புதிய நிதி ஒதுக்கீடோ சுற்றுநிருபமோ அவசியமில்லை. இரண்டு தமிழாசிரியர்கள் தமக்குள் பேசிக்கொண்டால் போதுமானது. வலயக் கல்வி அலுவலகங்களின் தமிழ்ப்பாட ஆசிரிய ஆலோசகர்கள் அந்த அறிமுகத்தைச் செய்து வைப்பார்களாயின், வரும் தவணையிலேயே இதனைத் தொடங்கலாம்.