வெயிலைச் சேமிக்கும் 'பங்க்'!

கூரையில் சூரியன், தொட்டியில் மின்சாரம்

இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்கு வடகிழக்கே பிரெயின்ட்ரீ என்ற ஊர் இருக்கிறது. 2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அந்த ஊருக்கு அருகே ஒரு புதுமையான 'பங்க்' திறக்கப்பட்டது. அதை அமைத்தது 'கிரிட்சர்வ்' என்ற கம்பெனி.

அங்கே பெட்ரோல் கிடையாது. டீசலும் கிடையாது. மின்சாரக் கார்களுக்கு மின்சாரம் ஏற்றுவதுதான் வேலை! ஒரே நேரத்தில் 36 வண்டிகளுக்கு இடம் உண்டு.

கார்கள் நிற்கும் இடத்துக்கு மேலே கூரை. கூரையின் மீது சோலார் தகடுகள். வெயில் பட்டதும் அவை மின்சாரம் தருகின்றன. அதோடு, மின்சாரத்தைச் சேமித்து வைக்க ஒரு ராட்சத பாட்டரியும் இருக்கிறது.

பாட்டரி எதற்கு?

"கூரையில் உண்டாகும் மின்சாரத்தை நேராகக் காருக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம்.

வெயில் அடிப்பது பகலில். கார்களோ இரவிலும் வரும், மழையிலும் வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. காரில் வருகிறவர்களுக்கு அவசரம்! ஒரு கார் 100 கிலோவாட் வேகத்தில் மின்சாரம் ஏற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். இப்படிப் பத்து கார்கள் சேர்ந்தால் 1,000 கிலோவாட். 75 வாட் மின்விசிறிகள் 13,000-க்கு மேல் ஒரே சமயத்தில் சுழல்வதற்கு இது சமம்! இந்தப் பளுவைத் தாங்க, தடித்த கம்பிகளும் பெரிய டிரான்ஸ்பார்மரும் வேண்டும். அதற்குப் பணமும் பிடிக்கும், காலமும் பிடிக்கும்.

கல்யாண வீட்டுத் தொட்டி

கல்யாண வீட்டில் என்ன செய்கிறார்கள்? குழாயில் தண்ணீர் மெல்லத்தான் வரும். பந்தி முடிந்ததும் நூறு பேர் ஒன்றாகக் கை கழுவ வருவார்கள். அதனால் முதல் நாள் இரவே தொட்டியை நிரப்பி வைத்து விடுகிறார்கள்.

பாட்டரியும் அப்படித்தான்! வெயில் நேரத்தில் கூரையிலிருந்து நிரம்புகிறது. ஊர் தூங்கும் நேரத்தில் மின் கம்பியிலிருந்தும் சிறுகச் சிறுக நிரப்பலாம். கார்கள் கூட்டமாக வந்தால் வாரிக் கொடுக்கிறது.

அந்த பாட்டரியின் கொள்ளளவு 6,000 யூனிட். காருக்கு 40 யூனிட் என்றால் 150 கார்களுக்குப் போதும்!

கூரை மட்டும் போதுமா?

போதாது. 400 வாட் தகடு ஒன்று, நல்ல வெயில் நாளில் சுமார் 2 யூனிட் தரும். 40 யூனிட் வேண்டுமானால் 20 தகடுகள் நாள் முழுவதும் உழைக்க வேண்டும். இங்கிலாந்தின் குளிர்காலத்திலோ வெயிலே அபூர்வம்! ஆகவே மிச்சத்துக்கு மின் கம்பியைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். பகலில் வீட்டில் நிற்கும் வண்டிக்குக் கூரை மின்சாரத்தை நேராகவே ஏற்றலாம்; பாட்டரிச் செலவு மிச்சம். பகலெல்லாம் வெளியே ஓடி, இரவில் திரும்பும் வண்டிக்கு வெயிலைக் கொடுக்கத்தான் பாட்டரி வேண்டும்.

வெயிலுக்கு விலை இல்லை. அதைச் சேர்த்து வைக்கத்தான் விலை!