பரதேசி கோயிலில் ஒரு சத்தியாகிரகி
ஊர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஊர் சொன்ன ஆளாக இருக்க மறுத்தார்

மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போகும் தமிழர்கள் அந்தத் தெருவின் பெயரைக் கேட்டதும் சற்றுத் தயங்குவார்கள். ஏ.பி. சேலம் ரோடு. நம்மூர் சேலத்துக்கும் கொச்சி யூதர் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. இங்கே சேலம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆப்ரஹாம் பராக் சேலம், வக்கீல். 1882ல் பிறந்து 1967ல் மறைந்தவர். ‘யூத காந்தி’ என்று அழைக்கப்பட்டவர்.

தெருவின் கோடியில் இருக்கிறது 1568ல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயில். உள்ளே வருபவர்கள் தரையில் பதித்த சீன ஓடுகளையும் மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்து வியக்கிறார்கள். வாசல் பக்கத்துப் படிகளை யாரும் கவனிப்பதில்லை. சேலத்தின் கதை அந்தப் படிகளில்தான் ஆரம்பிக்கிறது.

தமிழில் ‘பரதேசி’ வசைச் சொல். இங்கேயோ அது அந்தஸ்து. 16ம் நூற்றாண்டு முதல் ஸ்பெயின், சிரியா, ஈராக் போன்ற இடங்களிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் இவர்கள். ‘வெள்ளை யூதர்கள்’ என்றும் பெயர். இவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்த மலபார் யூதர்கள் ‘கறுப்பு யூதர்கள்’ ஆனார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டுக்கு நாங்களே வாரிசு என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. பல்லக்கும் குடையும் பெற்றவரின் வம்சம் என்ற நினைப்பு இருவருக்கும் தேவைப்பட்டது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது பிரிவு ஒன்று இருந்தது: மெஷுக்ராரிம். ஹீப்ருவில் ‘விடுவிக்கப்பட்டவர்கள்’ என்று பொருள். பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள், எஜமானர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்தவர்கள், அவர்களது சந்ததியார். அதே மதம், அதே பிரார்த்தனை. ஆனால் கோயிலில் பெஞ்சு கிடையாது. தரையிலோ படியிலோதான் உட்கார வேண்டும். தோராவைச் சபை முன் வாசிக்கும் உரிமை கிடையாது. கல்யாண சம்பந்தம் கிடையாது. இறந்தால் பரதேசிகளின் கல்லறையில் இடமும் கிடையாது.

யூத மதச் சட்டம் இதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. முறைப்படி விடுவிக்கப்பட்டுச் சடங்கு ஸ்நானம் செய்தவர் முழு யூதரே என்று 16ம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் மதகுரு டேவிட் இப்ன் சிம்ரா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கொச்சிக்காரர்கள்தான். பதில் வந்தது, பழக்கம் மாறவில்லை.

சேலம் இந்த மூன்றாவது பிரிவில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தார். அந்தப் பிரிவின் முதல் பட்டதாரி அவர்தான். எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில், தொழிற்சங்க வேலை, 1925 முதல் 1931 வரையும் பிறகு 1939 முதல் 1945 வரையும் கொச்சி சமஸ்தான சட்டசபை உறுப்பினர். பூரண சுதந்திரம் கோரிய 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய் வந்தார். காயலுக்கு அந்தப் பக்கம் நாடறிந்த பேச்சாளர். இந்தப் பக்கம், தன் சொந்தக் கோயிலில், பெஞ்சில் உட்காரத் தகுதியில்லாதவர்.

இரண்டு பிம்பங்களுக்கு நடுவே நிற்கும் மனிதர் என்ன செய்வார்? சிலர் ஊர் சொல்வதையே நம்பிவிடுகிறார்கள். 1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் காட்டியது வெள்ளைப் பொம்மையை. ஊரின் கண்ணால் தன்னைப் பார்க்க அந்த வயதிலேயே பழகிவிடுகிறது.

வேறு சிலர் விலகிப்போகிறார்கள். 19ம் நூற்றாண்டின் நடுவில் மெஷுக்ராரிம் சிலர் அப்படித்தான் பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக் கொச்சிக்குப் போய்த் தனியாக வழிபட்டார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

சேலம் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். சில காலம் கோயிலைப் புறக்கணித்தார். பிறகு திரும்பி வந்து, அந்தப் படிகளையே சத்தியாகிரகக் களமாக்கினார். இது என் கோயில், நான் முழு யூதன் என்ற எண்ணத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்திருந்தால் கெஞ்சியிருப்பார், அல்லது ஓடியிருப்பார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1924-25ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது, ஈ.வெ.ரா. சிறை போனார். 1927ல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் நாராயண குரு விக்கிரகத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். தீண்டத்தகாதவன் என்று கேட்டே வளர்ந்தவன் சன்னதியில் கண்டது தன் முகத்தை. சேலத்தின் போராட்டமும் அதே கண்ணாடியைத்தான் கேட்டது.

1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகளில் பல தளர்ந்துவிட்டன. ஆனால் மனம் சட்டதிட்டத்தைப் போல அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. 1950ல் சேலத்தின் மகன் பரதேசி குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது தெருவே கொதித்தது. கல்யாணம் நடந்தது கொச்சியில் அல்ல, பம்பாயில்.

உயர்ந்தவர் என்ற பிம்பமும் சிறையாகலாம். தங்களுக்குள்ளேயே சம்பந்தம் தேடிய பரதேசி குடும்பங்களில் பலர் கல்யாணமாகாமலே வயோதிகம் அடைந்தார்கள். மற்றவர்கள் இஸ்ரேலுக்கும் வேறு நாடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். மலபார் யூதர்களில் பெரும்பாலோர் 1950களிலேயே இஸ்ரேல் போய்விட்டார்கள். அந்தப் பயணத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்தி உதவியவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் போகவில்லை. கடைசி வரை கொச்சியிலேயே இருந்தார்.

1968 டிசம்பரில் கோயிலின் 400ம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அதைப் பார்க்க சேலம் இல்லை. யூத வழக்கப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். யாரைப் பெஞ்சில் உட்கார விடுவது என்று தகராறு செய்த கோயிலில், பிற்காலத்தில் அந்தப் பத்துப் பேர் சேருவதே பெரும்பாடாயிற்று. இன்று பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன. வாசலுக்கு வெளியே நீளும் தெருவுக்கு, படியில் உட்கார்ந்தவரின் பெயர்.